கொம்பு தைத்த தவளை

"அய்யா, சோத்த உள்ள வுட மாட்டேன்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா வுடுவாங்களாம்."

துப்பறியும் வேலாயுதம் முகம் மழித்துக்கொண்டிருந்த கத்தியைக் கன்னத்திலேயே நிறுத்தினார். வாசலில் தூக்குச் சட்டியோடு நின்றவள் அமிர்தவள்ளி, காசியின் பெண்டாட்டி. காலேஜில் பிராணி சாஸ்திர அறைக்குப் பியூனாக இருந்த காசி இப்போது போலீஸ் லாக்கப்பில் இருக்கிறான். அவனை அங்கே அனுப்பிவைத்த புண்ணியவான் வேலாயுதம்தான்.

அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால் சமாளித்திருப்பார். போலீஸ் உத்தியோகத்தில் இருந்த நாளில் அதெல்லாம் வாங்கிப் பழகியவர். அவளோ சோற்றைப் பற்றி மட்டும் கேட்டாள். ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். "நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"சார், ரத்தம்" என்றான் வாஹித் பாஷா.

"எங்கே?"

"கன்னத்துல. மனசுல வர்றது எனக்குத் தெரியாது."

வாஹித் பாஷா அவருடைய உதவியாள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்காரர் மகனாகப் பிறந்து, வேலூரில் ஜட்கா ஓட்டி, குதிரை செத்ததும் இவரிடம் வந்து சேர்ந்தவன். குதிரை போனாலும் வாய் மட்டும் இன்னும் நாலு கால் பாய்ச்சலில்தான் ஓடும்.

கதை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் புரொபசர் துரைசாமி, ஏலகிரி மலையில் கிடைத்தது என்று ஒரு தவளையைக் காட்டினார். கண்ணிமைக்கு மேலே இரண்டு பக்கமும் தோல் கூராக நீண்டு கொம்பு போல நிற்கும். உலகத்தில் இதுவரை பேர் வைக்காத புதுத் தவளை என்று சொல்லி, சீமைப் பத்திரிகையில் அதற்குப் பேரும் வைத்தார். பேரின் முன்பாதி கொம்புத் தவளைகளுக்கெல்லாம் பொதுவான குடும்பப் பேர். பின்பாதி 'மலையானா'. தமிழ் மலையை லத்தீன் தவளையின் தலையில் ஏற்றிவிட்டார் என்று ஊரே கொண்டாடியது.

போன சனிக்கிழமை கல்கத்தாவிலிருந்து ஒரு வங்காளி நிபுணர் வந்து இறங்கினார். மலாய் நாட்டில் இதே மாதிரி ஒரு தவளை உண்டு, அதற்கு ரொம்பக் காலத்துக்கு முன்பே பேர் வைத்தாயிற்று. ஒரு பிராணிக்கு முதலில் வைத்த பேர்தான் செல்லும், பின்னால் வைத்தது செல்லாது. ஆகவே ஜாடியைத் திறந்து நேரில் பார்க்க வேண்டும் என்றார். திறந்தார். இடுக்கியால் எடுத்தார். பிரின்சிபால் முன்னிலையில் தவளையின் இடது கொம்பு கழன்று மேஜைமேல் விழுந்தது. அது தோலை வெட்டித் தைத்த கொம்பு. தவளையோ பாலாற்றில் கத்தும் சாதாரணத் தவளை.

அசல் தவளை திருட்டுப் போய்விட்டது என்று ஒரே கூச்சல். வேலாயுதத்தைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு சிட்டிகைப் பொடி போடும் நேரத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அறைச் சாவி யாரிடம்? காசியிடம். காசியின் மச்சான் யார்? கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவன். கொம்பு எதால் ஆனது? தோலால். மச்சானை விட்டுப் போலியைத் தைத்து, அசலை எவனோ வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டான் என்றார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பெரியவர்கள் துப்பறிகிறவர்களை மனதில் வைத்துத்தான் சொன்னார்களோ என்னவோ. நாளைக் காலையில் காசியை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். ஆறு மாசத்துக்குக் குறையாது, வேலை போவது தனி.

"வாஹித், அந்தக் கொம்பை எடு."

தீப்பெட்டிக்குள் இருந்த கொம்பை வாஹித் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நூல் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது."

"கேட்டுத் தொலை."

"உங்க கால்ல இருக்கறது யாரு தைச்ச செருப்பு?"

"காசி மச்சான் தைச்சதுதான். மூன்று வருஷமாகப் போடுகிறேன். இதுவரை ஒரு தையல்கூட…"

வேலாயுதம் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"அதான் சார். அவன் தைச்சிருந்தா தவளை பிஞ்சிருக்கும், கொம்பு பிஞ்சிருக்காது. இது எவனோ கோட்டுக்குப் பட்டன் தைக்கிறாப்போல தைச்சிருக்கான். கொம்பு கழண்டு வுழுந்துச்சே, அதுதான் சார் காசிக்கு சாட்சி."

வேலாயுதத்துக்குக் காது மடல் சுட்டது. கொம்பு விழுந்ததைப் பார்த்தவர் ஏன் விழுந்தது என்று யோசிக்கவில்லை. தோல் என்றதும் செருப்புத் தைக்கிறவன் ஞாபகம் வந்தது, அதோடு மூளை கடையைச் சாத்திவிட்டது. பாதிப் பேர் தோலைத் தொட்டுப் பிழைக்கும் ஜில்லாவில், தோலைத் தொடுகிறவன் என்பதையே குற்றமாக்கி ஒரு மனுஷனை உள்ளே தள்ளியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நிறத்தைப் பாருங்க" என்று வாஹித் தொடர்ந்தான். "நம்ம பக்கம் ஆவாரம்பட்டையில பதம் பண்ற தோலு வெளுப்பா, எலுமிச்சம்பழக் கலர்ல இருக்கும். இது செவசெவன்னு இருக்குது. மலாய்க் கட்டி போட்டது."

"மலாய்க் கட்டியா? பாலாடையா?"

"எங்க வீட்டு உருதுல மலாய்ன்னா பாலாடைதான். சின்ன வயசுல அந்த நெனப்புல ஒரு துண்டு வாயில போட்டேன், ரெண்டு நாளு நாக்கு செருப்புத் தோலாட்டம் இருந்துச்சு. இது வேற சார். மலாய் நாட்டு எலையைக் காய்ச்சி எடுக்கற துவர்ப்புக் கட்டி. சிங்கப்பூர்லருந்து கப்பல்ல கூடை கூடையா வரும். வெலை ஜாஸ்தி. ஆம்பூர்ல நிசார் அஹமது சாயபு ஷாப்புல மட்டும்தான் போடறாங்க."

வேலாயுதம் பாதி மழித்த முகத்தோடு சட்டையை மாட்டினார்.

ஆம்பூர் போகிற பஸ் பள்ளிகொண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள நின்றது. முன் சீட்டிலிருந்த ஜவுளிக்காரர் திரும்பிப் பார்த்து, "தவளைத் திருடனைப் புடிச்ச சார்தானே நீங்க?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"புரொபசருக்குப் பாராட்டு விழா நடந்துச்சே, நானும் வந்திருந்தேன்" என்றார் ஜவுளிக்காரர். "இன்னா பேச்சு சார் அது! மலைக்கு லத்தீன்ல மோன்டானான்னு ஒரு சொல்லு ரெடியா இருக்குது, ஆனா எனக்குத் தமிழ்தான் வேணும்னு சொன்னாரே, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த மனுஷன் தவளையைப் போய் ஒருத்தன் திருடுவானா? படுபாவி!"

"படுபாவிதான்" என்றான் வாஹித், வேலாயுதத்தைப் பார்த்துக்கொண்டே.

வேலாயுதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைய விழாவில் அவரும்தான் அழுதார்.

நிசார் அஹமது ஷாப்பில் சரக்குக் கிட்டங்கிப் பொறுப்பு அப்துல் கஃபாருக்கு. அறுபது வயசு, பெரிய உடம்பு, வாத முழங்கால். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு ஆள் கை கொடுக்க வேண்டும். சுண்ணாம்பும் தோலும் சேர்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. வேலாயுதம் கைக்குட்டையை எடுத்தார்.

"வாணாம் சார், கைக்குட்டைக்கு வாசனை வந்துடும்" என்று அதை வாங்கி வாஹித் தன் பையில் போட்டுக்கொண்டான். கஃபார் சிரித்துவிட்டார்.

வேலாயுதம் கொம்பை நீட்டினார். "பாய், இந்தத் தோல் உங்களுடையதுதானே?"

கஃபார் விரலில் தேய்த்துப் பார்த்தார். "எங்களுதுதான். போன மாசம் புரொபசர் சாருக்கு ஒரு துண்டு குடுத்தேன். புஸ்தகத்துக்கு அட்டை போடணும்னாரு."

வாஹித் மெதுவாக விசில் அடித்தான். கூப்பிட்டுத் துப்புத் துலக்கச் சொன்னவர்களில் முதல் ஆளே புரொபசர்தான்.

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? அந்தத் தவளையைக் குடுத்ததே நாந்தானே! பேப்பர்லகூட என் பேரு வந்துச்சு. 'ஏலகிரியில் கண்டெடுத்தவர் ஆம்பூர் ஜனாப் அப்துல் கஃபார்'னு."

வேலாயுதம் அவருடைய முழங்காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "பாய், நீங்கள் ஏலகிரிக்கு எப்போது ஏறினீர்கள்?"

கஃபார் தாடியைத் தடவினார். கிட்டங்கி மூலையில் பிரம்புக் கூடைகள் அடுக்கியிருந்தன.

"நானு கிட்டங்கி மாடிப்படிகூட ஏறினதில்ல" என்றார் கடைசியில். "அந்தக் கூடைங்கள்ளதான் சார் வந்துச்சு. மலாய்க் கட்டியோட, கூடையோட அடியில செத்துக் கெடந்துச்சு. கொம்பைப் பாத்ததும் பயந்துட்டேன். புரொபசர் சாரு இந்த மாதிரி ஜந்துங்களைத் தேடறவருன்னு கேள்விப்பட்டு, சாராயத்துல போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். எங்க கெடச்சுதுன்னாரு. மலாய்னு சொன்னேன். அவரு மலைன்னு எழுதிட்டாரு போல."

"நீங்கள் திருத்தவில்லையா?"

"எப்படி சார்? பேரு பேப்பர்ல வந்துடுச்சு. வீட்ல பிள்ளைங்க அதை வெட்டி செவுத்துல ஒட்டிட்டாங்க. தோஸ்துங்க எல்லாம் மலை ஏறின பாய்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. சும்மா இருந்துட்டேன். தப்புதான். அதனால யாருக்கு இன்னா கெடுதல்னு நெனச்சேன்."

"காசி என்று ஒருத்தனுக்கு" என்றார் வேலாயுதம்.

திரும்புகிற பஸ்ஸில் அவருக்குப் புரொபசர்மேல் இரக்கம்கூட வந்தது. பாவம், காது செய்த பிழை. மலாய் என்று சொன்னது மலை என்று விழுந்திருக்கிறது. ஊரெல்லாம் புகழ்ந்த பிறகு அது மலாய்த் தவளை என்று எப்படியோ தெரிந்திருக்கும். நிபுணர் வருகிறார் என்றதும் பயந்துபோய், ஆற்றுத் தவளைக்குக் கொம்பு தைத்துவிட்டார். அந்த ஆள் ஜாடிக் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, 'அட, இது மலாய்த் தவளை இல்லை' என்று போய்விடுவான் என்று எண்ணியிருக்கிறார். ஒரு வகையில் உண்மையும்தான். பாலாற்றுத் தவளை எப்படி மலாய்த் தவளையாகும்?

"ஆக, ஒரு காது கேட்ட தப்பு" என்றார்.

"ஆமா சார். ஆனா தமிழ் வாத்தியார் காது மந்தமா இருந்தா சரி. இவரு லத்தீன் எல்லாம் கேக்கற காதாச்சே" என்றான் வாஹித், வேர்க்கடலையை உரித்தபடி.

வேலாயுதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போது என்ன சொன்னாய்?"

"வேர்க்கடலை வேணுமான்னு கேட்டேன்."

"இல்லை, லத்தீன் என்றாய்." அவர் தொடையில் தட்டினார். "வாஹித், நுணலும் தன் வாயால் கெடும்!"

புரொபசர் துரைசாமி வீட்டு முன்னறையில் தடித்த புஸ்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நல்ல கறுப்புக் கோட்டு. சனிக்கிழமைக்குப் பிறகு சரியாகத் தூங்காத முகம்.

"காசி ஒப்புக்கொண்டானா?" என்றார்.

"நீங்கள்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், சார்." வேலாயுதம் கொம்பை மேஜைமேல் வைத்தார். "ஆம்பூரிலிருந்து வருகிறோம். கஃபார் பாய் ஸலாம் சொன்னார்."

துரைசாமி கொம்பைப் பார்த்தார். மிருதுவாகச் சிரித்தார். "காது செய்த பிழை, வேலாயுதம். மலாய் என்றது மலை என்று கேட்டுவிட்டது. மனுஷன் தவறக் கூடாதா?"

"நானும் ஆம்பூரிலிருந்து பாதி வழி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். ஏலகிரியில் பிடித்தது என்று நிச்சயமாக நம்பியிருந்தால் நீங்கள் மோன்டானா என்று வைத்திருப்பீர்கள், அல்லது ஏலகிரி என்றே வைத்திருப்பீர்கள். கையில் ரெடியாக இருந்த லத்தீனை விட்டு மலையானா என்றீர்கள். தமிழ்ப் பற்று என்று நாங்கள் அழுதோம். இரண்டு பக்கமும் வாசல் வைத்த பேர் அது. தமிழனுக்குச் சொன்னால் மலைத் தவளை. நாளைக்கு எவனாவது பிடித்துக்கொண்டால், 'நான் மலாய் என்றுதானே பேர் வைத்தேன்' என்று பின்வாசல் வழியே போய்விடலாம். காதில் தவறாக விழுந்தவனுக்குப் பின்வாசல் எதற்கு, சார்? நீங்கள் மலாய் என்பதைச் சரியாகத்தான் கேட்டீர்கள்."

"வாசல் வெச்சாரு, ஆனா தாழ்ப்பாள் போட மறந்துட்டாரு" என்றான் வாஹித்.

துரைசாமியின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து உள்ளே போனார். ஓர் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதற்குள் அசல் தவளை, இரண்டு கொம்போடும் கண்ணை மூடிக் கிடந்தது.

"முப்பது வருஷம் பிறத்தியார் வைத்த பேர்களையே பிள்ளைகளுக்கு ஒப்பித்தேன்" என்றார். "ஒரே ஒரு பேராவது நான் வைக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். இனி என்ன ஆகும் தெரியுமா? செல்லாத பேர் என்று எழுதுவார்கள். ஆனால் அழிக்க மாட்டார்கள். ஒருமுறை வைத்த பேரை யாரும் அழிக்க முடியாது. பழைய பேருக்குக் கீழே என் தப்பும் என் பேரும் சேர்ந்து, உலகம் உள்ளவரை நிற்கும்."

"காசி?"

"காசி பேரை நான் சொன்னேனா?" துரைசாமி அவரை நேராகப் பார்த்தார். "யோசித்துப் பாருங்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். சாவி, மச்சான், தோல் என்று அத்தனையும் உங்கள் வாயால் வந்தது. நான் சும்மா இருந்தேன்."

அது சத்தியமான வார்த்தை.

"இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்று துரைசாமி ஜாடியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "அசல் கிடைத்துவிட்டது, குப்பைத்தொட்டியில் கிடந்தது என்று சொல்லுங்கள். பியூன்மேல் இரக்கப்பட்டு விட்டுவிடச் சொல்லி நானே எழுதித் தருகிறேன். நிபுணரிடம், கட்டுரை வாசகத்தில் ஒரு சின்னத் திருத்தம் என்று பேசிக்கொள்கிறேன். என் பேரும் நிற்கும், உங்கள் பேரும் நிற்கும். அவசரப்பட்டு அப்பாவியைப் பிடித்தவர் என்று தெரிந்தால், அப்புறம் உங்களை எவன் கூப்பிடுவான்?"

அந்த யோசனை வேலாயுதத்துக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிமிஷம்தான், ஆனால் நிஜமாகவே பிடித்திருந்தது. காசி வெளியே வந்துவிடுவான், யாருக்கும் தலைகுனிவு இல்லை என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் இரக்கப்பட்டு விட்ட திருடன் திருடன்தானே. தன் மனசு எவ்வளவு சுருக்காக அந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வாஹித் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஜாடியை எடு, வாஹித்" என்றார் வேலாயுதம். "புரொபசர், கிளம்புங்கள். முதலில் நிபுணரிடம் நீங்கள் பேசுங்கள். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நான் பேசுகிறேன். என் பங்கை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்."

ஸ்டேஷனில் பேசுவது அவர் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பழைய சகாக்கள். "நான் சொன்னது தப்பு. காசி திருடவில்லை. நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவருக்கு. இன்ஸ்பெக்டர் புரொபசரை உட்காரச் சொன்னார். காசியைத் திறந்துவிட்டார்.

காசி வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். அமிர்தவள்ளி வேப்பமரத்தடியிலிருந்து எழுந்தாள். வேலாயுதம் கை கூப்பினார். "காசி, என்னை மன்னித்துக்கொள்."

காசி பதறிப்போய்த் தானும் கை கூப்பப் போனான். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு கான்ஸ்டபிள் குரல் கொடுத்தார், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்.

"டேய் தவளைத் திருடா! துண்ட வுட்டுட்டுப் போறியே!"

காசி சட்டென்று திரும்பினான். திரும்பிய பிறகுதான் என்ன பேருக்குத் திரும்பினோம் என்று அவனுக்கே உறைத்தது. அமிர்தவள்ளி போய்த் துண்டை வாங்கிவந்தாள்.

"காலைல கடைக்குப் போனாகூட தவளைத் திருடன் பொண்டாட்டின்றாங்க" என்றாள் வேலாயுதத்திடம். காலையில் சோறு கேட்ட அதே குரல். "பேரு வெச்சவரு நீங்கதானே சார். நீங்களே எடுத்துடுங்க."

"எடுத்துவிடுகிறேன் அம்மா" என்றார் வேலாயுதம். காசியின் பக்கத்தில் போய் நின்றார். "வா, கடைத்தெரு வழியாகப் போகலாம். ஒரு கடை விடாமல் சொல்லிக்கொண்டே வருகிறேன்."

நாலு பேரும் நடந்தார்கள். முதலில் பாத்திரக்கடை. அப்புறம் அரிசி மண்டி. அப்புறம் காசியின் மச்சான் தைக்கிற இடம். அங்கே வேலாயுதம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சொன்னார். மச்சான் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டான். கடைசியில் தெருமுனை வெற்றிலைக்கடை. அங்கே எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள், அங்கே சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"எல்லோரும் கேளுங்கள்" என்று வேலாயுதம் குரலை உயர்த்தினார். "நான் சொன்னது தப்பு. இவர் எதையும் திருடவில்லை. அசல் குற்றவாளி வேறு ஆள். இவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது."

வெற்றிலைக்கடைக்காரர் முகமெல்லாம் மலர்ந்தது. மனசார மகிழ்ந்துபோய், கடைக்குப் பின்னால் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த தம்பியை உரக்கக் கூப்பிட்டார்.

"டேய், வெளிய வந்து பாருடா! நம்ம தவளைத் திருடன் திருடவே இல்லையாம்டா!"